வக்கீல் வைக்கக் காசில்லையா? குடும்ப வழக்கில் இலவச சட்ட உதவி பெற முழுமையான வழிகாட்டி

என் தங்கைக்கு விவாகரத்து நோட்டீஸ் வந்தபோது நாங்கள் முதலில் செய்த காரியம், அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்ததுதான். அந்தப் பணம் மூன்று வாய்தாவுக்குக்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "டைப்பிங் செலவு", "குமாஸ்தாவுக்கு", "நோட்டீஸ் செலவு" என்று போய்க்கொண்டே இருந்தது. நான்காவது மாதம்தான் தெரிந்தது, நாங்கள் அலைந்த அதே கோர்ட் வளாகத்துக்குள் சட்டப்பணிகள் குழு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே அவளுக்கு வக்கீலை இலவசமாகவே நியமித்திருப்பார்கள் என்பது. அந்தப் பலகையை நாங்கள் எத்தனையோ முறை தாண்டிப் போயிருந்தோம். யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி யாரும் அப்படிச் சங்கிலியை அடகு வைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலோர் தங்களுக்குத் தகுதி இருக்காது என்று நினைத்தே போகாமல் இருந்துவிடுகிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12, யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்று பட்டியல் போட்டிருக்கிறது. அதில் "பெண்" என்று ஒரே சொல்தான் இருக்கிறது. ஏழைப் பெண் என்றோ வேலையில்லாத பெண் என்றோ இல்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவராக இருந்தாலும், அப்பா வீடு வசதியானதாக இருந்தாலும் பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. குழந்தைகளுக்கும் அப்படியே. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை போன்ற தொழில் நிறுவனங்களின் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் வருமானம் பார்ப்பதில்லை.

இந்தப் பட்டியலில் வராத ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றம் முதல் உயர் நீதிமன்றம் வரை ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள், உச்ச நீதிமன்றத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானத்தை உறுதிமொழிப் பத்திரம் மூலம் சொன்னால் போதும் என்று சட்டமே இடம் தருகிறது. குடும்ப வழக்கில் அல்லாடும் ஆண்களும் உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவரும் கட்டட வேலை பார்க்கிறவரும் தாராளமாகப் போய்க் கேட்கலாம்.

இது தருமம் இல்லை. அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவு, பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசுக்கு வைத்திருக்கும் கடமை. கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

எங்கே போவது

உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். மாவட்டத் தலைநகரில், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. உயர் நீதிமன்ற வழக்கு என்றால் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் அதற்கென்று தனிக் குழுக்கள் உண்டு. இடம் தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் அது.

கோர்ட் வாசலில் நுழைந்ததும் "என்னம்மா கேஸ்?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வருவார்கள். நின்று கதை சொல்லாதீர்கள். நேராக உள்ளே போய், காவலரிடமோ கோர்ட் ஊழியரிடமோ "சட்டப்பணிகள் குழு ஆபீஸ் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள்.

மனு கொடுக்க அங்கேயே படிவம் தருவார்கள். வெள்ளைத் தாளிலும் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாது என்றால் வாயால் சொன்னால் போதும், அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். மனுவில் நீங்கள் யார், எதிராளி யார், என்ன பிரச்சினை, என்ன வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். வரதட்சணை பேசியது முதல் நேற்று நடந்த சண்டை வரை எல்லாவற்றையும் அதில் கொட்ட வேண்டியதில்லை. அதெல்லாம் வக்கீலிடம் சொல்வதற்கு.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, திருமணப் பதிவுச் சான்று இருந்தால் அது, குழந்தைகளின் பிறப்புச் சான்று, வந்த நோட்டீஸ் அல்லது சம்மன். எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். இதில் ஏதாவது கணவர் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள்.

மனு கொடுத்ததும் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். 2010-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி ஏழு நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அந்தக் குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். வட்டக் குழுவிலும் மாவட்ட ஆணைக்குழுவிலும் தலைவராக இருப்பவர் நீதிபதிதான்.

நியமிக்கப்பட்ட வக்கீலிடம் எப்படி நடந்துகொள்வது

"இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்" என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை நன்றாகப் பார்த்தவர்களும் உண்டு, பார்க்காதவர்களும் உண்டு. காசு கொடுத்து வைத்த வக்கீல்களிடமும் இதே கதைதான். வழக்கை நாம் எவ்வளவு கவனிக்கிறோம் என்பதிலேயே பாதி இருக்கிறது.

இந்த வக்கீலுக்கான கட்டணத்தைச் சட்டப்பணிகள் குழு கொடுக்கிறது. அவர் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது, வாங்கவும் கூடாது. கோர்ட் கட்டணம், டைப்பிங், நகல் வாங்கும் செலவு எல்லாம் சட்ட உதவிக்குள் அடக்கம். கேட்டால், குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வக்கீல் சரியில்லை என்றால் மாற்றித் தரவும் கேட்கலாம். குறிப்பாக, கணவர் செய்த கொடுமைகளை ஆண் வக்கீலிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், பெண் வக்கீல் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: கல்யாணம் எப்போது, குழந்தை பிறந்தது எப்போது, வீட்டை விட்டு வெளியேற்றியது எப்போது, ஆஸ்பத்திரிக்குப் போனது எப்போது, போலீசில் புகார் கொடுத்தது எப்போது. இரண்டு பக்கம் போதும். என் தங்கைக்கு இப்படி ஒரு நோட்டுப் போட்ட பிறகுதான் பேச்சில் ஒரு தெளிவே வந்தது. அதுவரை வக்கீல் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அழுகைதான் பதிலாக வந்துகொண்டிருந்தது.

வழக்கு பதிவானதும் அதற்கென்று எழுத்தும் எண்ணும் கலந்து 16 இலக்கத்தில் ஓர் அடையாள எண், சி.என்.ஆர். எண், கிடைக்கும். அதை வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். வாய்தா தேதி தெரிவதற்காக யாருடைய குமாஸ்தாவுக்கும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம்.

எந்த மனுவை முதலில் போடுவது

குடும்பப் பிரச்சினை என்றாலே விவாகரத்து என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த மாத வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் வழியில்லாமல் நிற்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பணமும் பாதுகாப்பும். விவாகரத்து அதற்குப் பிறகு, நிதானமாக யோசித்து எடுக்க வேண்டிய முடிவு.

ஜீவனாம்சத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு வந்திருக்கிறது. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். மனைவி, விவாகரத்தான மனைவி, குழந்தைகள், வயதான பெற்றோர் ஆகியோர் கேட்கலாம். எந்த மதத்தவருக்கும் பொருந்தும். விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதிப்படுத்தியது. நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், கணவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத ஊரில் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்.

மனுவோடு சேர்த்தே இடைக்கால ஜீவனாம்ச மனுவும் போடச் சொல்லுங்கள். எதிராளிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஆனால் கேட்காதவர்களுக்கு அது இல்லவே இல்லை. கணவரின் சம்பளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கைவிட்டுப் போகும் மாதம்.

அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்துதல் இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்தான் சரியான வழி. ஒரே மனுவில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உரிமை, பண உதவி, பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு, நஷ்டஈடு என்று எல்லாம் கேட்க முடியும். வீடு மாமியார் பேரில் இருக்கிறது, உனக்கென்ன உரிமை என்று துரத்தினாலும், கூட்டாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை இந்தச் சட்டம் தருகிறது. மனு போட்டதிலிருந்து வழக்கமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும். 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும். உத்தரவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும்.

இதற்கு நீங்கள் கோர்ட்டுக்குக்கூட நேரடியாகப் போக வேண்டியதில்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததைக் கேட்டுக் குடும்ப வன்முறை அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அதற்குக் கட்டணம் இல்லை.

இன்று இரவு தங்க இடமில்லை என்ற நிலை வந்தால் 181-ஐ அழையுங்கள், பெண்களுக்கான உதவி எண். ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். அங்கே சில நாள் தங்கலாம், மருத்துவ உதவியும் சட்ட ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. உயிருக்கே ஆபத்து என்றால் 112, வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். அங்கே நடக்கும் சமரசப் பேச்சு சில குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் அங்கே எழுதி வாங்கும் தாளுக்குக் கோர்ட் உத்தரவின் பலம் கிடையாது. "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தவர் மறுபடி அடித்தால், நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வயதான பெற்றோருக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடமே மனு கொடுக்கலாம். வக்கீல் இல்லாமலே நடக்கும்படி அமைத்த தீர்ப்பாயம் அது.

வழக்குச் செலவை எதிராளியிடமே கேட்கலாம்

இது பலருக்குத் தெரியாது. இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும்போதே மாதச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் பணம் தரும்படி வசதியுள்ள துணைக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். கணவர் மனைவி இருவரில் யார் வசதியற்றவரோ அவர் கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் 36-ஆம் பிரிவுகளின்படி மனைவி இதைக் கேட்கலாம். கணவர் வெளியூரில் விவாகரத்து வழக்குப் போட்டு அலைய விட்டால், போக்குவரத்துச் செலவையும் இதில் கேளுங்கள். வழக்கையே உங்கள் ஊருக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடவும் முடியும். கைக்குழந்தையோடு 200 கிலோமீட்டர் பயணம் என்பது மதிக்கத்தக்க காரணம்தான். அந்த மாற்று மனுவுக்கும் உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு இலவச வக்கீல் தரும்.

நோட்டீஸ் வந்துவிட்டது, வக்கீல் கிடைக்கவில்லை, நாளை வாய்தா

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். வாய்தாவுக்குப் போகாமல் இருக்காதீர்கள். நீங்கள் வராவிட்டால் எக்ஸ் பார்ட்டே, அதாவது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். பிறகு அதை உடைக்க விவாகரத்து வழக்கில் 30 நாட்கள், ஜீவனாம்ச வழக்கில் மூன்று மாதம் என்று கெடு உண்டு.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நிற்பது குற்றமில்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 13-ஆம் பிரிவு, அங்கே வக்கீல் வைப்பது உரிமையே இல்லை, நீதிமன்றம் அனுமதித்தால்தான் என்கிறது. கட்சிக்காரர்களே பேசட்டும் என்பதுதான் அந்தக் கோர்ட்டின் நோக்கம். ஆகவே காலை பத்து மணிக்கே போய் உட்காருங்கள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போய், "ஐயா, எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. இலவச சட்ட உதவி வேண்டும். பதில் மனுப் போட அவகாசம் கொடுங்கள்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். பெண் நீதிபதி என்றால் அம்மா. அவ்வளவுதான். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் பேசவும் தமிழிலேயே மனுக் கொடுக்கவும் முடியும்.

சமரசமும் லோக் அதாலத்தும்

குடும்ப நீதிமன்றம் முதலில் கவுன்சலிங்குக்கு அனுப்பும். சில வழக்குகள் சமரச மையத்துக்குப் போகும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் நடக்கிறது, மாவட்டங்களிலும் உண்டு. நீதிமன்றம் அனுப்பி வைக்கும் வழக்குக்குச் சமரசரிடம் நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளை யார் எப்போது பார்ப்பது, நகை பாத்திரம் திரும்பக் கொடுப்பது போன்ற விஷயங்கள் சாட்சி விசாரணையைவிட இங்கே நல்லபடியாக முடிகின்றன.

லோக் அதாலத்திலும், அதாவது மக்கள் நீதிமன்றத்திலும், ஜீவனாம்சம், பிள்ளை பொறுப்பு போன்றவற்றைத் தீர்த்துக்கொள்ளலாம், விவாகரத்தை மட்டும் அங்கே தர மாட்டார்கள். கட்டணம் இல்லை. ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், இனி எதையும் கேட்கக் கூடாது என்று ஒரு தாளை நீட்டினால், அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைக்கு 18 வயது ஆக எத்தனை மாதம் இருக்கிறது, மாதம் எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். அடுத்த அமர்வுக்குத் தள்ளி வைக்கக் கேட்டால் உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் அடி உதைக்குப் பயந்து ஓடி வந்தவர் என்றால், கணவரோடு ஒரே அறையில் உட்கார முடியாது, தனித்தனியாகப் பேசுங்கள் என்றும் சொல்லலாம்.

இருவரும் ஒத்துப் பிரிவது என்று முடிவானால் பரஸ்பர சம்மத விவாகரத்துதான் செலவு குறைந்தது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காசு கொடுத்துத்தான் வக்கீல் என்றால்

சிலர் அப்படித்தான் முடிவு செய்வார்கள். தவறில்லை. மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும், எத்தனை தவணை என்று வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுதி வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். "வரும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று வக்கீல் கேட்பதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்திருக்கின்றன. கட்டணப் பாக்கிக்காக உங்கள் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வக்கீலுக்கு உரிமையில்லை, உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்த்த விஷயம் இது. அவரை விட்டுவிட்டு நடுவழியில் இலவச சட்ட உதவிக்கு மாறலாமா என்றால், மாறலாம். என் தங்கை அப்படித்தான் மாறினாள்.

உத்தரவு வந்த பிறகு

மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவு வாங்கிவிட்டோம், இரண்டு மாதம் கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். மிக அதிகமாகக் கேட்கும் புலம்பல் இது. பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும், தாண்டினால் அந்த மாதப் பணத்தை இந்த வழியில் வாங்க முடியாது. கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்க மாஜிஸ்திரேட்டால் முடியும். பணம் எப்போதெல்லாம் வந்தது என்பதற்கு வங்கிப் பாஸ்புக்கைப் பதிந்து வைத்திருங்கள், அதுவே சாட்சி. வசூல் மனுவுக்குத் தனியாக ஒரு வக்கீலைத் தேட வேண்டாம். உத்தரவின் நகலையும் பாஸ்புக் ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு, முதலில் போன அதே சட்டப்பணிகள் குழு அலுவலகத்தில் புதிதாக ஒரு மனுக் கொடுங்கள்.